மூடாக்கு இட்ட பாத்தியிலும் களை எழுகிறது: பிழை எங்கே?

1. தும்பை எழுதியது:

வணக்கம். ஒவ்வொன்றும் 3 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் கொண்ட மூன்று பாத்திகளில் காய்கறிச் செடிகள் வளர்த்து வருகிறேன். தோட்டத்தில் செலவிடும் நேரத்தில் பாதி களையெடுப்பதிலேயே போய்விடுவதால், இம்முறை நாற்று நட்ட கையோடு மூன்று பாத்திகளிலும் காய்ந்த இலைச்சருகை மூடாக்காக, மண் தெரியாதபடி நான்கு விரல் கனத்துக்குப் பரப்பினேன். ஐந்து வாரங்கள் கடந்துவிட்டன. சருகு அமுங்கி இப்போது ஒரு விரல் கனமே இருக்கிறது.

முதல் பாத்தியில் பருப்புக்கீரையும், அம்மான் பச்சரிசியும், பெயர் தெரியாத சில சிறு புற்களும் சருகின் இடுக்குகளில் முளைத்திருக்கின்றன. இரண்டாவது பாத்தியில் களை குறைவுதான். ஆனால் நட்ட செடிகளின் அடியிலைகள் வெளுத்து மஞ்சளாகின்றன. அந்தப் பாத்தியில் மட்டும் மண் பொலபொலப்பாக இருக்கட்டும் என்று ஒரு மூட்டை மரத்தூளைக் கொத்திக் கலந்திருந்தேன். மூன்றாவது பாத்தியைப் பார்த்தால் மூடாக்கு இட்டதாகவே தெரியவில்லை. கோரை, சருகை ஊசி போலக் குத்திக்கொண்டு வரிசை வரிசையாக எழுந்து நிற்கிறது.

மூடாக்கு இட்டால் களை வராது என்று கேட்டுத்தான் இதைச் செய்தேன். நான் செய்த பிழை என்ன என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

2. களைக்கொட்டு எழுதியது:

"மூடாக்கு இட்டால் களை வராது" என்று உங்களுக்குச் சொன்னவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். விதையிலிருந்து முளைக்கும் களையை மூடாக்கு தடுக்கும்; மண்ணுக்கடியில் கிழங்கோ வேர்த்தண்டோ வைத்திருக்கும் களையை அது தடுக்காது, சில சமயம் ஈரம் கொடுத்து வளர்த்தும் விடும். உங்கள் முதல் பாத்தியும் மூன்றாவது பாத்தியும் இரண்டு வேறு நோய்கள். ஒரே மருந்து இரண்டுக்கும் கேட்காது.

முதல் பாத்தியின் கணக்கு எளிது. காய்ந்த சருகு பரப்பிய அன்று இருக்கும் கனத்தில் நிற்பதே இல்லை. நனைந்து, அமுங்கி, அடியிலிருந்து மட்கத் தொடங்கினால் சில வாரங்களில் மூன்றில் ஒரு பங்காகிவிடும். அமுங்கிய பிறகு ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால்தான் அதை மூடாக்கு என்று சொல்லலாம். அதற்கும் கீழே போனால் அது வெறும் அலங்காரம். முழுச் சருகாக இருந்தால் பரப்பும்போதே பதினைந்து சென்டிமீட்டர் வேண்டும். மரக்கிளைகளை அரைத்த சொரசொரப்பான செதில் என்றால் எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் போதும். அது எளிதில் அமுங்காது. வைக்கோலும் சருகைப் போலத்தான், தாராளமாகப் போட வேண்டும்.

உங்கள் பாத்தியின் பரப்பு 3.6 சதுர மீட்டர். எட்டு சென்டிமீட்டர் கனத்துக்கு அரைத்த செதிலைப் பரப்ப ஏறத்தாழ 290 லிட்டர் வேண்டும். இருபது லிட்டர் வாளியில் அளந்தால் பதினான்கு, பதினைந்து வாளி. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் கையில் கிடைத்ததை மெல்லியதாகத் தூவிவிட்டுப் பலனில்லை என்பவர்கள்தான் அதிகம். பொருள் போதவில்லை என்றால் மூன்று பாத்திக்கும் அரைகுறையாகப் பரப்புவதைவிட ஒரு பாத்திக்கு முழுமையாகப் பரப்புவது மேல்.

ஒன்று கேட்க வேண்டும். மூன்றாவது பாத்தியை நடுவதற்கு முன் எப்படித் தயார் செய்தீர்கள்?

3. ஆய்வகவாசி எழுதியது:

களைக்கொட்டு அவர்கள் கனத்தைப் பற்றிச் சொன்னதற்குப் பின்னுள்ள காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். காரணம் தெரிந்தால் அளவு தானாகப் புரிந்துவிடும்.

சிறு விதையுள்ள களைகளில் பலவற்றுக்கு முளைக்க ஒளி வேண்டும். விதைக்குள் சேமித்துள்ள உணவு மிகக் குறைவாதலால், ஆழத்தில் முளைத்தால் மேலே வந்து சேர்வதற்குள் அது தீர்ந்துவிடும். ஆகவே தான் மண்ணின் மேற்பரப்பில்தான் இருக்கிறோமா என்பதை ஒளியைக் கொண்டு அறிந்த பிறகே அந்த விதை விழிக்கிறது. இந்த உணர்வுக்குக் காரணமான நிறமி ஃபைட்டோகுரோம். சிவப்பு ஒளி பட்டால் விதை முளைப்பதையும், அதைத் தொடர்ந்து தொலைசிவப்பு ஒளி (சிவப்பைவிட நீண்ட அலை கொண்டது) பட்டால் அந்தத் தூண்டல் அழிந்துவிடுவதையும், கடைசியாகப் பட்ட ஒளி எதுவோ அதுவே முடிவைத் தீர்மானிப்பதையும் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் 1952-இல் லெட்யூஸ் என்னும் இலைக்கீரையின் விதைகளைக் கொண்டு காட்டினார்கள்.

மண்ணைக் கொத்தும்போது நாம் செய்வது என்ன என்பது இதிலிருந்து விளங்கும். இருளில் உறங்கிக்கொண்டிருந்த விதைகள் கொத்தின் வீச்சில் ஒரு கணம் வெளிச்சத்தைக் கண்டுவிட்டு மீண்டும் மண்ணுக்குள் விழுகின்றன. பல விதைகளுக்கு அந்த ஒரு கணமே போதுமானது. இதனால்தான் நன்றாகக் கொத்திய பாத்தியில் பத்து நாளில் பச்சைப் பாய் விரிகிறது. இரவில் உழுது பார்த்தால் களை குறைகிறதா என்றுகூட ஆராய்ந்திருக்கிறார்கள். பலன் களைக்குக் களை மாறுபட்டது.

மூடாக்கு ஒளியை மறைப்பதோடு இன்னொன்றையும் செய்கிறது. பகலுக்கும் இரவுக்கும் இடையே மேல்மண்ணில் ஏற்படும் வெப்ப ஏற்ற இறக்கத்தைக் குறைக்கிறது. அந்த ஏற்ற இறக்கத்தையே முளைக்கும் சைகையாகக் கொள்ளும் விதைகளும் உண்டு. ஆக, மூடாக்கு களை விதையைக் கொல்வதில்லை. எழுப்பாமல் விடுகிறது, அவ்வளவுதான்.

எத்தனை காலம் அவை உறங்கும் என்ற கேள்வி வரும். மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் 1879-இல் இருபது புட்டிகளில் களை விதைகளை மணலோடு நிரப்பிப் புதைத்தார். குறிப்பிட்ட கால இடைவெளியில் ஒவ்வொரு புட்டியாக எடுத்துச் சோதிக்கிறார்கள். 2021-இல் எடுத்த புட்டியிலிருந்தும் வெர்பாஸ்கம் என்னும் செடியின் விதைகள் முளைத்தன. எல்லா விதையும் இப்படி 142 ஆண்டுகள் தாங்காது. பெரும்பாலானவை சில ஆண்டுகளில் அழிந்துவிடும். ஆனாலும் ஒரு பருவம் மூடிவைத்துவிட்டு மறுபருவம் கிளறினால் பழைய கணக்கே திரும்ப வரும் என்பதை நினைவில் வையுங்கள்.

4. தும்பை எழுதியது:

இருவருக்கும் நன்றி. மூன்றாவது பாத்தியில் முன்பே கோரை இருந்தது. மண்வெட்டியால் இரண்டு முறை ஆழமாகக் கொத்தி, கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்கிப் போட்டுவிட்டுத்தான் நாற்று நட்டேன். இப்போது முன்பு இருந்ததைவிட அடர்த்தியாக வந்திருக்கிறது என்பதுதான் வருத்தம்.

5. களைக்கொட்டு எழுதியது:

நினைத்தேன். கோரையை நீங்கள் அழிக்கவில்லை, நட்டிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்தப் பாடத்தை நானும் இதே வழியில்தான் கற்றேன்.

கோரையின் கிழங்குகள் மண்ணுக்குள் தனித்தனியாக இருப்பதில்லை. மெல்லிய வேர்த்தண்டால் கோத்த மாலை போலத் தொடராக இருக்கும். அந்தத் தொடரில் நுனியில் உள்ள கிழங்கு முளைத்துக்கொண்டிருக்கும்வரை மற்றவற்றில் பல அடங்கிக் கிடக்கும். மண்வெட்டி அந்தத் தொடரைத் துண்டாக்கியவுடன் ஒவ்வொரு கிழங்கும் தனக்குத் தானே தலைமை என்று முளைவிடும். ஒரு செடி இருந்த இடத்தில் எட்டு செடி வந்ததற்கு இதுவே காரணம். பெரும்பாலான கிழங்குகள் மேல் பதினைந்து சென்டிமீட்டருக்குள் இருக்கும் என்றாலும், பொறுக்கும்போது கண்ணுக்குத் தப்புபவையே அதிகம்.

அதன் முளையின் நுனி கூர்மையாகவும் விறைப்பாகவும் இருப்பதால் பத்து சென்டிமீட்டர் மூடாக்கையும் குத்திக்கொண்டு வரும். கறுப்பு நெகிழித்தாளையே துளைத்துக்கொண்டு வரும். எனவே மூடாக்கை இன்னும் கனமாக்கி இதை வெல்லலாம் என்று எண்ண வேண்டாம்.

இதை வெல்லும் வழி சோர்வடையச் செய்வதுதான். தளிர் எழும்பிய ஒவ்வொரு முறையும் கிழங்கு தன் சேமிப்பிலிருந்து செலவழிக்கிறது. இலை விரிந்து சில வாரங்கள் வெயில் குடித்தபிறகே கடனை அடைத்து, புதுக் கிழங்கு கட்டத் தொடங்குகிறது. அந்த இடைவெளிக்குள் நீங்கள் வெட்டிவிட வேண்டும். பத்து நாள், மிஞ்சினால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மூடாக்கை ஒதுக்கி மண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கூர்மையான கொத்தால் சீவி எடுங்கள். தோண்டாதீர்கள். ஒரு முறை விட்டுவிட்டு அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றால், அதுவரை செய்த வேலை அத்தனையும் வீண். ஒரு பருவத்தில் முடிகிற காரியமும் அல்ல.

இன்னொன்று, கோரைக்கு நிழல் ஆகாது. அந்தப் பாத்தியில் இடைவெளி விட்டு நிற்கும் செடிகளுக்குப் பதிலாக, அடர்ந்து படர்ந்து மண்ணை மூடிவிடும் பயிரைப் போட்டால் உங்கள் கைவேலையில் பாதியை அந்த நிழலே செய்துவிடும். பயிர் இல்லாத வறண்ட காலத்தில் மட்டும், தோண்டி எடுத்த கிழங்குகளைப் பரப்பிப் பல நாள் கடும் வெயிலில் காயவிட்டால் அவை சாகும். ஈர மண்ணோடு குவித்து வைத்தால் சாகாது. மட்குக்குழியில் போடவே கூடாது.

6. நிழல்மரம் எழுதியது:

இவ்வளவு பாடுபட வேண்டுமா? நான் அட்டைப்பெட்டிகளை விரித்துப் போட்டு அதன்மேல் செதில் பரப்புகிறேன். ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று இருபது சென்டிமீட்டர் படியும்படி வைத்து, ஒட்டுத்தாளையும் உலோகக் கொக்கிகளையும் உரித்துவிட்டு, அட்டையை நன்றாக நனைத்து, அதன்மேல் பத்து சென்டிமீட்டர் செதில். புல்தரை இருந்த இடத்தையே இப்படித்தான் கொத்தாமல் பாத்தியாக்கினேன். ஐந்தாறு மாதத்தில் அட்டை மட்கிவிடும், அடியில் இருந்த புல்லும் வெளிறிச் செத்துவிடும். எளிய வழி இருக்கும்போது எதற்காக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குனிய வேண்டும்?

7. மண்புழு எழுதியது:

புல்தரையைப் புதுப் பாத்தியாக்க அட்டை நல்ல வழி என்பதை ஒப்புக்கொள்கிறேன்; நானும் செய்திருக்கிறேன். ஆனால் செடிகள் நின்றுகொண்டிருக்கும் பாத்திக்கு அதைப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். அட்டை நனைந்திருக்கும்வரை சரி. ஒருமுறை முழுதாகக் காய்ந்துவிட்டால் மேலே ஊற்றும் நீர் அடியில் இறங்காமல் ஓரமாக வழிந்தோடும். மண் நனைந்திருப்பதாக நாம் எண்ணிக்கொண்டிருக்க, வேர் வறண்டு கிடக்கும். காற்றோட்டமும் செதிலின் அடியில் இருப்பதைவிட அட்டையின் அடியில் குறைவு. கறையான் நடமாடும் மண்ணில் அட்டை விரிப்பது அதற்கு விருந்து வைப்பதுபோல. சுவரை ஒட்டிய பாத்தியில் அறவே வேண்டாம். கோரையைப் பொறுத்தவரை, அது அட்டையின் சந்து தேடிப் பக்கவாட்டில் ஓடி, இணைப்பு எங்கே இருக்கிறதோ அங்கே வெளியே வரும்.

தும்பை அவர்களின் இரண்டாவது பாத்தியைப் பற்றி இன்னும் ஒருவரும் பேசவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

மரத்தூளில் கரிமம் (கார்பன்) மிக அதிகம், தழைச்சத்து (நைட்ரஜன்) மிகக் குறைவு. ஒரு பங்கு தழைச்சத்துக்கு வைக்கோலில் ஏறத்தாழ எண்பது பங்கு கரிமம் என்றால், மரத்தூளில் அது இருநூறையும் தாண்டும், மரத்தைப் பொறுத்து ஐந்நூறு வரையிலும் போகும். அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்குத் தோதான விகிதமோ இருபத்தைந்துக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது. மரத்தூளை மண்ணோடு கலந்துவிட்டால், குறைகிற தழைச்சத்தை அவை சுற்றியுள்ள மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. செடியும் நுண்ணுயிரும் போட்டியிட்டால் நுண்ணுயிரே வெல்லும். தழைச்சத்துக் குறைந்தால் செடி தன் பழைய இலைகளிலிருந்து அதை உருவித் தளிருக்கு அனுப்பும். எனவே அடியிலைகள் முதலில் மஞ்சளாகும். உங்கள் செடிகளில் நீங்கள் காண்பது அதுவே. இளந்தளிர் வெளுத்து அடியிலை பச்சையாக இருந்திருந்தால் இரும்புச்சத்தைப் பற்றிப் பேசியிருப்பேன்.

அதே மரத்தூளை, ஏன், மரச்செதிலை மண்ணின் மேலே பரப்பியிருந்தால் இவ்வளவு தொல்லை வந்திருக்காது. மேலே கிடக்கும் பொருள் மண்ணைத் தொடும் மெல்லிய பரப்பில் மட்டுமே தழைச்சத்தை இழுக்கிறது. ஆழத்தில் உள்ள வேருக்கு அதனால் கேடில்லை. சொல்லப்போனால், மேல்மண்ணில் முளைக்கப் பார்க்கும் களைக்கு அந்தப் பற்றாக்குறை ஒரு தடையும் ஆகலாம். ஆனாலும் மரத்தூள் மட்டும் தனியே வேண்டாம். மழையில் நனைந்து காய்ந்தால் ஓடு போல இறுகி நீரை மேலேயே நிறுத்திவிடும்.

இப்போது செய்ய வேண்டியது, கலந்ததைப் பிரித்தெடுக்க முயலாமல், நன்கு மட்கிய தொழுவுரத்தையும் தழைச்சத்து மிகுந்த உரம் எதையாவதும் சிறிது சிறிதாக, பத்து நாள் இடைவெளியில் வேரைச் சுற்றி இட்டு நீர் ஊற்றுவதுதான். நுண்ணுயிர்கள் பிடித்துவைத்த தழைச்சத்து தொலைந்துபோவதில்லை. மரத்தூள் மட்கி முடியும்போது மண்ணுக்கே திரும்பி வரும். அதற்குப் பல மாதங்கள் ஆகும் என்பதுதான் இடர்.

8. களைக்கொட்டு எழுதியது:

நிழல்மரம் அவர்களுக்கு: உங்கள் புல்தரையில் கோரை இருந்ததா? இல்லையென்றால் நாம் இருவரும் வேறு வேறு களையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

9. நிழல்மரம் எழுதியது:

கோரை இல்லை. படரும் புல்லும் அகன்ற இலைக் களைகளும்தான் இருந்தன. மூன்றாவது பாத்திக்கு என் வழி பொருந்தாது என்பதை ஏற்கிறேன். முதல் பாத்திக்குப் பொருந்தும் என்ற கருத்தில் மாற்றமில்லை. அடுத்த பருவத்தில், பாத்தி வெறுமையாக இருக்கும்போது.

10. பழையவேலி எழுதியது:

எவரேனும் களைத்தடுப்புத் துணி வாங்கச் சொல்வதற்கு முன் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏழு ஆண்டுகளுக்கு முன் பூச்செடிப் பாத்தி முழுவதும் நெய்த விரிப்பைப் போட்டு, செடிக்குத் துளையிட்டு, மேலே செதில் பரப்பினேன். முதல் இரண்டு ஆண்டுகள் அற்புதம். மூன்றாம் ஆண்டு மேலே இருந்த செதில் மட்கி மண்ணாகிவிட்டது. காற்றில் வந்த விதைகள் அந்தப் புதுமண்ணில், விரிப்புக்கு மேலேயே முளைத்தன. அவற்றின் வேர் நெசவு இழைகளுக்குள் நுழைந்து பின்னிக்கொண்டது. பிடுங்கினால் தண்டு அறுந்து வேர் துணியிலேயே நின்றது. செடிகளின் வேரும் ஈரம் தேடித் துணியை ஒட்டி மேலேயே படர்ந்திருந்தது.

அதை அகற்ற நான்கு வார இறுதிகள் ஆயின. வெயிலில் நைந்த இழைகளை இன்றும் மண்ணிலிருந்து பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். விரிப்பின் அடியில் மண் கல் போல இறுகியிருந்தது. மட்கும் பொருள் எதுவும் அதைக் கடந்து மண்ணைச் சேரவில்லை, புழுவும் இல்லை. நடைபாதையில் சரளைக்கல்லுக்கு அடியில் போடுவதென்றால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். பயிர் செய்யும் பாத்தியில் வேண்டவே வேண்டாம்.

11. ஆய்வகவாசி எழுதியது:

விரிப்பைப் பற்றிய பேச்சு வந்ததால், நெகிழித்தாள் குறித்துப் பலரும் தலைகீழாகப் புரிந்துகொண்டுள்ள ஒன்றைச் சொல்கிறேன். கறுப்புத்தாள் ஒளியை மறைப்பதால் களை விதைகளைப் பெரும்பாலும் அடக்கும். ஆனால் கோரைத் தளிர் இருளில் இருக்கும்வரை இலையை விரிக்காமல் கூர்நுனியோடு மேல்நோக்கியே வளரும். ஆகவே கறுப்புத்தாளைத் துளைத்துவிடுகிறது. ஒளி ஊடுருவும் தெளிவான தாளுக்கு அடியிலோ, தளிருக்கு வெளிச்சம் கிடைத்தவுடன் மேற்பரப்பை அடைந்துவிட்டோம் என்று இலையை விரித்துவிடும். விரிந்த இலையால் தாளைக் குத்த முடியாது. தாளுக்கடியில் அடைபட்டு வெப்பத்தில் வாடும்.

தெளிவான தாளைக் கொண்டு மண்ணைச் சுட வைக்கும் முறையை 1976-இல் இஸ்ரேல் ஆய்வாளர் யாக்கோவ் கட்டானும் அவருடைய குழுவினரும் விவரித்தனர். அவர்கள் முதன்மையாகக் குறிவைத்தது மண்ணில் வாழும் நோய்க்கிருமிகளை. களை விதைகளும் சேர்ந்து அழிந்தன. பாத்தியைச் சமப்படுத்தி, ஆழமாக நனைத்து, மண்ணோடு ஒட்டும்படி தாளை இழுத்து, நான்கு ஓரமும் மண்ணில் புதைத்து, ஆண்டின் மிகச் சூடான காலத்தில் நான்கு முதல் ஆறு வாரம் விட வேண்டும். ஈரம் தேவை, ஈரமண்ணே வெப்பத்தை ஆழத்துக்குக் கடத்தும், ஈரத்தில் ஊறிய விதையே எளிதில் சாகும். பாத்திக்கும் தாளுக்கும் இடையே காற்று நின்றால் பலன் குறையும். முடிந்தபின் மண்ணை ஆழமாகக் கிளறக் கூடாது; அடியில் பிழைத்த விதையை நாமே மேலே கொண்டுவந்துவிடுவோம். நோய்க்கிருமிக்கும், ஓராண்டுக்குள் வாழ்ந்து முடியும் களைகளின் விதைக்கும் இது நல்ல வழி. ஆழத்தில் உள்ள கோரைக்கிழங்கை முழுதாக ஒழிக்காது, தளர்த்தும்.

12. மண்புழு எழுதியது:

கட்டான் குழுவினரின் முறை பயனுள்ளதுதான், மறுக்கவில்லை. மண்ணில் நல்லது கெட்டது பார்க்காமல் சுடும் என்பதால் வேறு வழி தோற்ற பிறகே அதை நாடுவேன். கழற்றிய தாளை மடித்துப் பத்திரப்படுத்துங்கள். கிழிந்து மண்ணில் கலந்தால் பழையவேலி அவர்களின் கதைதான்.

13. ஈரநிலம் எழுதியது:

இந்த உரையாடலைத் தொடர்ந்து படித்துவருகிறேன். இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

வைக்கோலோ உலர்புல்லோ வாங்கும்போது அது எந்த வயலிலிருந்து வந்தது என்று கேளுங்கள். புல்வெளிகளில் அகன்ற இலைக் களைகளை அழிக்கப் பயன்படும் அமினோபைரலிட், குளோபைரலிட் போன்ற களைக்கொல்லிகள் புல்லில் தங்கும். அந்தப் புல்லைத் தின்ற மாட்டின் சாணத்திலும் தங்கும். அது மட்கிய பிறகும் வீரியம் இழக்காமல் இருக்கக்கூடும். தக்காளிக்கும் அவரை இனத்துக்கும் மிகச் சிறு அளவே போதும், தளிர் சுருண்டு பெரணி இலை போல முறுக்கிக்கொள்ளும். அறியாமல் அத்தகைய உலர்புல்லை இட்டு ஒரு பருவத்தையே இழந்தேன். இப்போது எந்தப் பொருள் வந்தாலும் அதையும் மண்ணையும் கலந்து ஒரு தொட்டியில் அவரை விதை நான்கு ஊன்றி, பக்கத்தில் வெறும் மண்ணில் நான்கு ஊன்றி, மூன்று வாரம் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பாத்திக்கு எடுத்துச் செல்கிறேன். உலர்புல்லில் விதை முற்றியிருக்கிறதா என்பதையும் உதறிப் பாருங்கள். களையைத் தடுக்கக் களை விதையையே பரப்புவது பலருக்கும் நேர்ந்திருக்கிறது.

இரண்டாவது, நீர். காய்ந்த மண்ணின்மேல் மூடாக்கு இட்டால் அது வறட்சியையும் சேர்த்தே காத்து வைக்கும். முதலில் ஆழமாக நனைத்த பிறகே மூட வேண்டும். மூடிய பிறகு பெய்யும் தூறல் மூடாக்கிலேயே தங்கி ஆவியாகிவிடும். மேலே நனைந்திருப்பதை நம்பாமல் விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். சொட்டுநீர்க் குழாய் இருந்தால் மூடாக்குக்கு அடியில் ஓடட்டும்.

14. தும்பை எழுதியது:

இடையில் ஒரு ஐயம். முதல் பாத்தியில் புதிதாகப் பரப்பிய செதிலின்மேல் இரண்டு நாள் மழைக்குப் பிறகு முட்டை மஞ்சள் நிறத்தில் நுரை போன்ற ஒன்று கையகலத்துக்குத் திரண்டிருக்கிறது. நேற்று இல்லை, இன்று இருக்கிறது. நோயா?

15. ஆய்வகவாசி எழுதியது:

அஞ்ச வேண்டாம். ஃபூலிகோ செப்டிகா என்னும் கூழ்ப்பூசணமாக இருக்கும். பெயரில் பூசணம் இருந்தாலும் அது பூசண இனம் அன்று. செதிலில் உள்ள பாக்டீரியாக்களை உண்டு மெல்ல நகர்ந்து செல்லும் உயிர். செடியைத் தொடாது. சில நாளில் காய்ந்து பொடியாகும். பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் கொத்தால் கிளறிவிடுங்கள். எனக்குப் பிடிக்கும், நான் கிளறுவதில்லை.

16. களைக்கொட்டு எழுதியது:

செதில் பரப்பிவிட்டீர்கள் என்று தெரிகிறது. செடித்தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் வெறுமையாக விட்டீர்களா? தண்டை ஒட்டி ஈரமான பொருள் குவிந்தால் பட்டை அழுகும், நத்தையும் பதுங்கும். மரக்கன்றுகளின் அடியில் எரிமலை போலக் குவித்து வைக்கும் வழக்கம் எனக்கு ஆகவே ஆகாது.

செதிலைப் பரப்பும் முன் முகர்ந்து பார்ப்பதும் நல்லது. பெரிய குவியலின் அடியில் காற்றின்றிப் புளித்த செதில் காடி போல நாறும். அந்த அமிலம் இளஞ்செடியை ஒரே நாளில் கருக்கிவிடும். அப்படி இருந்தால் சில நாள் பரப்பி ஆறவிட்டுப் பயன்படுத்தலாம்.

பருப்புக்கீரையைப் பிடுங்கி அங்கேயே போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அதன் தண்டு ஈரத்தில் மீண்டும் வேர்விடும். பூத்த செடியாக இருந்தால் பிடுங்கிய பிறகும் விதை முற்றிக்கொள்ளும். ஒரு பெரிய செடி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விதை உதிர்க்க வல்லது.

17. தும்பை எழுதியது (பத்து வாரங்களுக்குப் பிறகு):

கேட்டுவிட்டுக் காணாமல் போகக்கூடாது என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

முதல் பாத்தியில் எல்லாவற்றையும் கையால் களைந்து, நனைத்து, எட்டு சென்டிமீட்டர் செதில் பரப்பினேன். வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் போதுமானதாக இருக்கிறது. வருவதெல்லாம் செதிலிலேயே வேர்விட்டவை, இரண்டு விரலால் இழுத்தால் முழுதாக வந்துவிடுகின்றன. இரண்டாவது பாத்தியில் ஐந்து முறை உரமிட்டேன். பழைய மஞ்சள் இலைகள் உதிர்ந்தன, புதிதாக வந்தவை பச்சையாக உள்ளன. ஆனால் காய்ப்பு முதல் பாத்தியில் பாதிகூட இல்லை.

மூன்றாவது பாத்தியில் பத்து நாளுக்கு ஒருமுறை தவறாமல் சீவினேன். முதல் முறை ஒரு வாளி நிறைந்தது. மூன்றாம் முறை குறையவே இல்லை, கைவிட்டுவிடலாம் என்று தோன்றியது. ஏழாவது முறையான நேற்று இரண்டு கைப்பிடிதான் வந்தது, தளிர்களும் நூல் போல மெலிந்திருந்தன. நடுவில் படர்கொடி ஒன்றைப் போட்டிருக்கிறேன். அது மூடிய இடத்தில் கோரை கண்ணிலேயே படவில்லை.

இப்போது புதுத் தொல்லை. பாத்தியின் ஓரத்தில் நடைபாதையிலிருந்து அறுகு நீண்ட தண்டுகளை நீட்டிச் செதிலுக்கு அடியில் நுழைகிறது. இரண்டு சாண் தூரம் உள்ளே வந்த பிறகே கவனித்தேன்.

18. களைக்கொட்டு எழுதியது:

மூன்றாம் முறையில் கைவிடாதிருந்தீர்களே, அதுதான் கடினமான இடம். சீவுவதை நிறுத்திவிடாதீர்கள். அடுத்த பருவமும் தொடருங்கள். இடைவெளி வேண்டுமானால் மூன்று வாரமாக நீளலாம்.

அறுகுக்கு மூடாக்கு தடையே அன்று, மூடாக்குக்கு அடியில் அது சுகமாகப் பயணம் செய்யும். உள்ளே வந்ததைச் செதிலை ஒதுக்கி, கணுக்கணுவாக அறுபடாமல் நுனியிலிருந்து பின்னோக்கிப் பிடித்து உருவுங்கள். அறுந்த கணு ஒவ்வொன்றும் முளைக்கும். பிறகு பாத்திக்கும் பாதைக்கும் இடையே ஒரு சாண் அகலத்தில் பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு வாய்க்கால் போல வெட்டி, அதை வெறுமையாகவே விடுங்கள். அதில் செதில் போடாதீர்கள். வெளியே நீளும் தண்டு அங்கே வெளிச்சத்தில் தொங்குவது கண்ணில் படும்; மாதம் ஒருமுறை கத்தரித்தபடி நடந்தால் போதும்.

19. தும்பை எழுதியது:

நாளைக் காலை வெட்டிவிடுகிறேன். தோண்டும்போது கோரைக்கிழங்கு கிடைத்தால் வெயிலில் காயப் போடுகிறேன், மட்குக்குழிக்கு அல்ல.